பெரியப்பா வீட்டு ராப்சன்

அமெரிக்கக் கறுப்புப் பாடகர் பால் ராப்சன் பாடியதைவிட, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவர் பேசியதுதான் இப்போது எனக்கு அதிகம் நினைவுக்கு வருகிறது. அந்தக் குரல் பாட்டிலிருந்து பேச்சுக்கு இறங்கும்போது இன்னும் கனத்துப்போகும். கூட்டத்தில் யாராவது இருமுவார்கள். ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கும். அப்புறம் பியானோ. அப்புறம் அவர். 1958 மே 9ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரி அது. வான்கார்டு நிறுவனம் அதைத் தட்டாகப் போட்டது. அந்தத் தட்டு ஒன்று பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சிப் பக்கத்துத் தெரு ஒன்றில், எங்கள் பெரியப்பா வீட்டு அலமாரியில் இருந்தது.

நான் இப்போது இருப்பது நியூ ஜெர்சியில். ராப்சன் 1898இல் பிறந்த பிரின்ஸ்டன் இங்கிருந்து காரில் போகிற தூரம்தான். அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. அவர் பாடிய எல்லாமும் என் போனில் இருக்கிறது. சமையலறையில் நின்றுகொண்டு பெயரைச் சொன்னால் போதும், பாடத் தொடங்கிவிடுகிறது. வீட்டுக்குள் குளிர் தெரிவதில்லை. ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். இத்தனையும் இருந்து, ஒரு பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிடுகிறேன். கேட்க முடியவில்லை.

கூடக் கேட்க ஆள் இல்லாத பாட்டைத் தனியாகக் கேட்பது எத்தனை சிரமம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பெரியப்பா கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். தூத்துக்குடியில் தொடங்கி எந்தெந்தத் துறைமுகமெல்லாமோ சுற்றிவிட்டு, முழங்கால் வலியோடு ஊருக்குத் திரும்பியவர். கொண்டுவந்த சாமான்களில் எங்களுக்குத் தெரிந்து பெரியது ஒரு ரெக்கார்டு பிளேயர். தட்டுகள் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊசிக்கோபுரத்தில் ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, பெரியம்மா ஏனம் கழுவும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவர் அலமாரியைத் திறப்பார். தட்டின் ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து எடுப்பார். பழைய வேட்டித் துணி ஒன்று அதற்கென்றே மடித்து வைத்திருப்பார். நடுவிலிருந்து வெளியே இழுத்துத் துடைக்கக் கூடாது, பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடைக்க வேண்டும் என்பார். எண்ணெயும் கிரீஸும் ஏறி நகக்கண் கறுத்த விரல்கள். முள்ளை இறக்கும்போது மட்டும் அந்த விரல்கள் நடுங்கும். முழுதாக இறங்கியதும் எங்களைத் திரும்பிப் பார்த்து, "பேசப்பிடாது" என்பார். யாரும் பேசியதில்லை.

பேசியது ஆச்சி மட்டும்தான்.

ஆச்சிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. வேதப்புத்தகம் தெரியும். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் விரல் வைத்துப் படித்தவள். தானியேலைக் கர்த்தர் விடுவிக்கவில்லையா என்று கேட்கும் பாட்டு வரும்போது கட்டிலில் எழுந்து உட்காருவாள். "தானியேல்னுல்லா சொல்லுதான் அவன்?" என்பாள். யோசுவாவும் எரிகோவும் வந்தால் அவளுக்குப் பாட்டு முழுதும் புரிந்துவிடும். மதில் விழுந்த கதையை எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். கீலேயாத்தின் பிசின் தைலத்தைப் பற்றிய பாட்டுக்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள். எரேமியா அதைக் கேள்வியாகக் கேட்டுவிட்டு விட்டான். அந்தப் பாட்டைக் கட்டிய கறுப்பு அடிமைகள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள் என்று பெரியப்பா ஒருநாள் அவளுக்கு விளக்கினார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

யோர்தானைக் கடப்பது என்று அவர்கள் பாடியபோது மனசில் ஓடியது ஒஹையோ ஆறு. அதைத் தாண்டினால் அடிமைத்தனம் இல்லாத மாநிலம். எகிப்து என்றால் தென்மாநிலத்துப் பருத்திக் காடு. பார்வோன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எஜமான் காதில் விழுந்தால் பக்திப் பாட்டு, பக்கத்துக் குடிசையில் விழுந்தால் தகவல். ராப்சனின் அப்பா வில்லியம் ட்ரூ ராப்சன் அப்படி ஓடி வந்தவர்தான். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, 1860இல், பதினைந்து வயதில் தப்பி வடக்கே வந்தார். படித்தார். பிரின்ஸ்டனில் விதர்ஸ்பூன் தெருச் சபையில் போதகரானார். மகன் அந்தப் பாட்டுகளைச் சங்கீத மேடையில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவின் சபையில், அப்பாவின் குரலில் கேட்டு வளர்ந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே அம்மாவை நெருப்பு கொண்டுபோய்விட்டது. தாயில்லாப் பிள்ளையாக உணர்வதைப் பற்றிய அந்தப் பிரபலமான பாட்டை அவர் பாடும்போது நடிப்பதற்கு என்ன இருக்கிறது?

1925 ஏப்ரல் 19. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் ஒரு சிறிய அரங்கு. லாரன்ஸ் பிரௌன் பியானோ. ஆரம்பம் முதல் கடைசிவரை கறுப்பு மக்களின் பாட்டு மட்டும் கொண்ட கச்சேரியை ராப்சன் அன்று பாடினார். அதுவரை அந்தப் பாட்டுகள் கச்சேரியின் கடைசியில் ஊறுகாய்போல் வைக்கப்பட்டவை. அவர் அவற்றையே சாப்பாடாக்கினார்.

பிறகு லண்டன் போனார். வேலையிழந்து தெருவில் பாடிக்கொண்டு வந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களைக் கண்டார். ரஷ்ய மொழி படித்தார், சீனம் படித்தார், ஆப்பிரிக்க மொழிகள் படித்தார். ஸ்பெயினில் போர் நடந்தபோது 1938இல் அங்கே போய்ப் போராளிகளுக்குப் பாடினார். போகிற இடத்துப் பாட்டை அந்த இடத்து மொழியிலேயே வாங்கிக்கொண்டு வந்தார். இன்று சீனாவின் தேசிய கீதமாக இருக்கும் பாட்டை, அது தேசிய கீதமாவதற்கு முன்பே, 1941இல் சீன மொழியில் பாடித் தட்டாக்கியவர் அவர்.

ஆகவே அந்தக் கார்னகி ஹால் தட்டில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆன்மிகப் பாடல், வோல்கா படகிழுப்பவர்களின் பாட்டு, சீனக் குழந்தைகளின் பாட்டு, முஸோர்க்ஸ்கியின் அனாதைச் சிறுவன். நடுவில் ஒத்தெல்லோ சாகும் முன் பேசும் பேச்சுகூட உண்டு. சட்டத்தால் கொல்லப்பட்ட தொழிற்சங்கப் பாட்டுக்காரன் ஜோ ஹில்லும் உண்டு. யாரும் யாருக்கும் கீழே இல்லை.

வோல்காப் பாட்டு வந்தால் பெரியப்பா தன்னையறியாமல் தோளை அசைப்பார். கரையில் நின்று கயிற்றைத் தோளில் போட்டுப் படகை ஆற்றுக்கு எதிராக இழுத்தவர்களின் பாட்டு அது. தூத்துக்குடிக் கடற்கரையில் மடி இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டு அவருக்குப் பழக்கம். இழுக்கும் இடம், மூச்சு விடும் இடம், இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது என்று கையால் தட்டிக் காட்டுவார். சீனப் பாட்டு வரும்போது, கோயில் பாடகர் குழுவில் கீர்த்தனை பாடிப் பழகிய ஆள் இல்லையா, "ஏட்டி, இது மோகனம்லா?" என்று என்னிடம் கேட்பார். எனக்கு மோகனம் என்றால் என்னவென்று தெரியாது. அவரே பாடிக் காட்டுவார். பிறகு, இனிய தேர் ஒன்று தாழ வந்து ஏற்றிக்கொண்டு போகும் கறுப்பர் பாட்டையும் அதே ஐந்து சுரத்தில் பாடிக் காட்டுவார். ஒட்டிக்கொள்ளும்.

பெரியப்பாவுக்குத் தெரியாத ஒன்றை வெகுகாலம் கழித்து நான் படித்தேன். ராப்சன் அந்த வருஷங்களில் இதே ஐந்து சுரத்தின் பின்னால்தான் அலைந்துகொண்டிருந்தார். 1958இல் வெளிவந்த 'ஹியர் ஐ ஸ்டாண்ட்' என்ற தன் புத்தகத்தில், உலகத்து நாட்டுப்புறப் பாட்டுகளுக்கெல்லாம் அடியில் ஐந்து சுர வரிசை ஒன்று ஓடுகிறது என்று எழுதினார். தமிழ்ப் பண்ணிசையில் ஐந்து சுரப் பண்ணுக்குத் திறம் என்று தனிப்பெயர் உண்டு. அதையெல்லாம் தோண்டி எடுத்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' எழுதிய ஆபிரகாம் பண்டிதர் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர். இந்த மூன்று பேரும், கப்பல் ஃபிட்டரான பெரியப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒருவர் தேடுவது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று நான் போனை எடுத்தேன். எண்ணைப் போடும் முன்பே நினைவு வந்தது, பெரியப்பா இல்லை. கீழே வைத்தேன்.

அந்தப் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1950இல் அமெரிக்க அரசு ராப்சனின் பாஸ்போர்ட்டைப் பறித்தது. கறுப்பர் உரிமை பற்றியும் சோவியத் நட்பு பற்றியும் அவர் வாயை மூடாததுதான் காரணம். அதற்கு முந்தின வருஷமே பீக்ஸ்கில் என்ற ஊரில் அவர் கச்சேரிக்கு வந்தவர்களைக் கல்லால் அடித்திருந்தார்கள். அரங்குகள் கதவைச் சாத்தின. கம்பெனிகள் அவர் பாட்டைப் பதிய மறுத்தன. கனடா போக பாஸ்போர்ட்டே தேவையில்லாத காலம் அது. அங்கேகூடப் போக விடவில்லை. 1952இல் எல்லைக் கோட்டருகே ஒரு லாரியை நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று, கோட்டுக்கு அந்தப் பக்கம் கூடியிருந்த கனடாக்காரர்களுக்கும் சேர்த்துப் பாடினார். கால் இந்தப் பக்கம். குரல் அந்தப் பக்கம்.

1957இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்டிருந்த புதிய தொலைபேசிக் கம்பி வழியாக, நியூயார்க்கில் இருந்தபடியே லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலில் இருந்தவர்களுக்குப் பாடினார். அதே வருஷம் வேல்ஸில் போர்த்கால் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர்களின் விழாவுக்கும் கம்பி வழியே பாடினார். அவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களும் கம்பி வழியே திருப்பிப் பாடினார்கள். ஒரு கடல் முழுக்க நடுவில் கிடக்க, ஒரு பக்கம் ஒற்றை மனுஷன், மறுபக்கம் கரி படிந்த நுரையீரல்களோடு ஒரு ஊரே நின்று, உன்னை விடமாட்டார்கள் என்றால் என்ன, எங்கள் குரல் வரும் என்று பாடியிருக்கிறது. அந்தப் பதிவு இப்போதும் கிடைக்கிறது. கேட்டுப் பாருங்கள். குரல் கொஞ்சம் நசுங்கிக் கேட்கும்.

பெரியப்பாவின் குரலும் அப்படித்தான் நசுங்கி வரும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் கார்டு வாங்கி எண்களைச் சுரண்டிப் பேசிய காலம். "சாப்ட்டியாட்டி, குளிரு எப்பிடி" என்ற விசாரிப்பு முடிந்ததும், "பெரியப்பா, தட்டுப் போடுங்க" என்பேன். ரிசீவரை பிளேயர் பக்கத்தில் வைப்பார். பியானோவெல்லாம் கரைந்துபோய், ஏதோ ஒரு ஆழம் மட்டும் கேட்கும். நியூயார்க்கில் பாடிய பாட்டு பாளையங்கோட்டைக்குப் போய், அங்கிருந்து எனக்குத் திரும்பி வரும். கார்டில் காசு தீரும் வரைக்கும் கேட்பேன். காசு தீர்வதற்கு முன் ஒரு பெண் குரல் எச்சரிக்கும். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்ததை எதையும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் பெரியப்பா என்ன பேசினாரோ அதைப் பதிந்து வைக்கத் தோன்றவே இல்லை. ராப்சனின் குரல் உலகத்தில் எத்தனையோ பிரதிகளில் இருக்கிறது. பெரியப்பாவின் குரல் ஒன்றில்கூட இல்லை.

கார்னகி ஹாலுக்குத் திரும்புகிறேன். அந்தக் கச்சேரி நடந்தபோது அவருக்கு அறுபது வயது. ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 9ஆம் தேதி, அவர் பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாடினார்கள்; வாஷிங்டனுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தும் நேரு அதை ஆதரித்தார். பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கு வழிவிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அடுத்த மாதம்தான் வந்தது. எட்டு வருஷம் வீட்டுச் சிறைபோல் வைத்திருந்த ஒரு பாடகர், தன் சொந்த நாட்டின் பெரிய மேடைக்குத் திரும்பி வந்து நிற்கிறார். கூட்டம் கைதட்டுவதைக் கேளுங்கள். அது பாட்டுக்கு மட்டும் விழும் தட்டல் இல்லை. இளமைக் காலத்து ராப்சனோடு ஒப்பிட்டால் குரல் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. மேல் சுரங்களில் ஏறும்போது எச்சரிக்கை தெரிகிறது. எனக்கு அந்தக் குரல்தான் வேண்டும். முப்பதுகளில் பதிந்த வழவழப்பான தட்டுகளும் இப்போது போனில் இருக்கின்றன. அவை அழகு. அவ்வளவுதான்.

மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய அவருடைய பேர்பெற்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைக்காரர் எழுதி, வெள்ளைக்காரர் மெட்டுப் போட்ட நாடகப் பாட்டு. வாழவும் அலுத்து, சாகவும் பயந்து நிற்கும் கறுப்பனைக் காட்டியது. ராப்சன் அந்த வரியை மாற்றிவிட்டார். சாகும்வரை போராடுவேன் என்று பாடினார். 1960இல் சிட்னியில் ஆபரா ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, சாரத்தில் தொற்றிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்களுக்கும் அதைப் பாடினார். அந்த உலகப் புகழ்பெற்ற அரங்கில் முதலில் பாடியவர் யார் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த வருஷம் உடம்பும் மனசும் நொறுங்கின. அதன் பின் மேடைக் கச்சேரி இல்லை. 1973இல் அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளை அதே கார்னகி ஹாலில் கொண்டாடியபோது அவரால் வர முடியவில்லை. பதிந்து அனுப்பிய பேச்சைத்தான் ஒலிபரப்பினார்கள். பிலடெல்பியாவில் சகோதரி வீட்டில் இருந்தார். 1976 ஜனவரி 23 அன்று இறந்தார். பேப்பரில் செய்தி வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. பெரியப்பா தட்டை எடுத்தார். பெரியம்மா ஏனம் கழுவிக்கொண்டே இருந்தாள். அவர் பேசப்பிடாது என்று சொல்லவில்லை.

எதற்காக ஏங்குகிறேன் என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆச்சியின் இருமல், வேட்டித் துணி, சீனப் பாட்டின் நடுவில் இருந்த கீறல். அந்தக் கீறலில் முள் மாட்டிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சீனச் சொல்லைக் கூடவே சொல்வோம். பெரியப்பா விரல் நுனியால் முள்ளைத் தள்ளிவிடுவார். இப்போது கேட்கும் பதிவில் அந்த இடம் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. என் வாய் மட்டும் அந்தச் சொல்லில் நின்றுவிடுகிறது. இவையெல்லாம் போனவை. போனால் போகட்டும் என்றுகூடச் சொல்லிவிடலாம், வயசானால் எல்லாருக்கும் போகிறவைதான்.

அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்குத்தான் மனசு ஆறவில்லை. கீலேயாத்தின் தைலமும் வோல்காக் கயிறும் சீனக் குழந்தையும் ஒரே ஆளின் தொண்டையில் இருக்க முடியும் என்றால், இந்த உலகம் அத்தனை பிரிந்து கிடக்கவில்லை என்று அந்தக் கப்பல்காரர் நம்பினார். இங்கிலீஷ் தெரியாத ஆச்சி நம்பினாள். நாங்கள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து நம்பினோம். எந்த நாட்டுப் பாட்டு ஒலித்தாலும் அது நம்மைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று. இன்று என் போன் எனக்குப் பிடித்த பாட்டை மட்டும் தேடித் தருகிறது. யாருடைய பாட்டையும் என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து, இவன் உன் சொந்தக்காரன் என்று சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு ராப்சன் வேண்டும். அவர் பேசி முடித்ததும் தமிழில் சொல்ல ஒரு பெரியப்பா வேண்டும்.

பெரியப்பா தனக்கு மிகவும் பிடித்தது என்று சொன்னது, வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றிய பாட்டு. அந்த மெட்டை டுவோர்ஷாக் என்ற செக் நாட்டவர் 1893இல் நியூயார்க்கில் இருந்தபோது தன் சிம்பனி ஒன்றுக்காக எழுதினார். கறுப்பர் பாட்டுகளைக் கேட்டு மனசைப் பறிகொடுத்தவர். ஊர் ஏக்கத்தில் இருந்தவர். அவருடைய மாணவர் ஒருவர் பிறகு அதற்குச் சொற்களைப் போட்டார். கேட்பவர்கள் எல்லாரும் அதை அடிமைகளின் பாட்டு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ராப்சன் பாடினால் நினைக்காமல் எப்படி இருக்க முடியும்? திரும்பிப் போக வீடு இருந்த ஒருவரின் மெட்டை, வீடே பிடுங்கப்பட்டவர்களின் பிள்ளை பாடுகிறார். எஞ்சின் ரூமில் பாதி ஆயுளைக் கழித்தவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் அப்போது ஊரிலேயே இருந்தேன், எனக்கு அந்தப் பாட்டு நீளமாகத் தெரிந்தது.

பெரியம்மாவும் போன பிறகு வீட்டை விற்றார்கள். நான் போக முடியவில்லை. சாமான்களை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தைப் பழைய சாமான்காரரிடம் எடை போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார்கள். பிளேயர் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடிப் பக்கம் பழைய புத்தகக் கடையிலோ பழைய சாமான் கடையிலோ தட்டுகளைப் புரட்டுகிறவராக இருந்தால், தயவுசெய்து கொஞ்சம் பாருங்கள். வான்கார்டு கம்பெனித் தட்டு. பால் ராப்சன், கார்னகி ஹால். அட்டையின் பின்பக்கம் ஓரத்தில் நீல மையில், சாய்ந்த எழுத்தில், ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக ஒரு வரி தமிழில் எழுதியிருக்கும். ஒன்றின் பக்கத்தில் 'மோகனம்' என்று இருக்கும். கீறல் இருந்தால் இருக்கட்டும், பாடாவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டால் எனக்கு வந்து சேரும்.